ஏட்டில் ஏறாத புகழ்



கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில், ரவீந்திர சரோவர் என்னும் பேரேரிக்குத் தெற்கே, பஜ்பஜ் செல்லும் ரயில் பாதையைக் கடந்தால் வருவது லேக் கார்டன்ஸ். ஏரியோ இயற்கை தந்ததன்று. 1920-களில் நகர அபிவிருத்தி டிரஸ்டார் சதுப்பு நிலத்தைத் தோண்டி உண்டாக்கியது. 1958-ல் அதற்குக் கவியரசர் தாகூரின் பெயர் சூட்டப்பெற்றது. இவ்வேரியைச் சூழ்ந்த வட்டாரத்தில் நம்மவர் குடியேறித் தலைமுறைகள் பல கடந்துவிட்டன. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழையிலையும் வாங்கும் கூட்டத்தில் தமிழ் ஒலி கேளாத நாள் இல்லை. இவ்வட்டாரத்து மொட்டை மாடி ஒன்றில் எழுந்த ஒரு சிறு வழக்கைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். வழக்கு சிறுவர்களுடையது, அதில் அடங்கிய கேள்வியோ பெரியவர்களையும் திகைக்க வைப்பது.

வங்காளத்துக் கோடையில், பிற்பகல் வேளைகளில் திடீரென்று வானம் கறுத்துப் புயலும் மழையும் எழும். கால்பைசாகி என்று இவ்வூரார் அதை அழைப்பர். மைதானத்தில் பந்தாடும் சிறுவர்கள் அப்போது மாடியறைக்குள் ஒடுங்குவார்கள். பந்து இல்லாத இடத்தில் புத்தகம் பந்தாகிறது. நீங்களும் இளமையில் ஆடியிருப்பீர்கள். பாடப்புத்தகத்தைக் கண்ணை மூடித் திறக்கவேண்டும். இடப்பக்கத்து எண்ணின் கடைசி இலக்கம் இரண்டு, நான்கு, ஆறு என்றால் அத்தனை ஓட்டம். எட்டு என்றால் ஒரே ஓட்டம். பூஜ்யம் என்றால் ஆட்டமிழப்பு. எங்கள் மாடிச் சிறுவர்கள் இதை ஒரு கட்டுக்கோப்பான போட்டியாகவே வளர்த்துவிட்டார்கள். லேக் கார்டன்ஸ், டாக்குரியா, டாலிகஞ்ச் என மூன்று அணிகள். நான்காவது அணிக்கு மயிலாப்பூர் என்று பெயர். அவர்களுள் பலர் மயிலாப்பூரைக் கண்டதே இல்லை. பாட்டிமார் சொல்லக் கேட்டதோடு சரி. ஆயினும் அந்த அணியின்மேல்தான் எல்லோருக்கும் தனிப் பற்று. ஒவ்வோர் அணிக்கும் பதினொரு கற்பனை வீரர்கள். அணிக்கு ஒரு நோட்டுப் புத்தகம். ஆறு கோடைகளின் கணக்கு.

ஆறாவது கோடை முடிந்ததும் அவர்கள் உள்ளத்தில் ஓர் ஆசை எழுந்தது. தங்கள் வீரர்களுள் தலைசிறந்தவர்களைத் தேர்ந்து ஒரு புகழ் மண்டபம் அமைக்கவேண்டும். அட்டையில் பெயரெழுதி மாடிச் சுவரில் ஒட்டவேண்டும். கூட்டினார்கள், கழித்தார்கள், வகுத்தார்கள். அப்போதுதான் இடர் தோன்றியது. மயிலாப்பூர் அணியின் ஏட்டைக் காத்துவந்த மூத்த பையனின் தந்தைக்கு நாகபுரிக்கு மாற்றலாகியிருந்தது. சாமான்களைக் கட்டியபோது அந்த நோட்டு எங்கோ தவறிவிட்டது. அந்த அணியின் மூன்றாம் ஆட்டக்காரன் ஈடற்றவன் என்பதை அனைவரும் அறிவார்கள். அவனுக்குச் சான்றாக ஒரு வரி எழுத்துக்கூட மிஞ்சவில்லை. இரண்டு சிறுவர்கள் என்னிடம் வந்தார்கள். “மாமா, கணக்கு இல்லாதவனை மண்டபத்தில் சேர்க்கலாமா? சேர்த்தால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாமே?” என்றான் ஒருவன். “கணக்குத் தொலைந்தது அவன் குற்றமா?” என்றான் மற்றவன். உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. இவ்வுலகில் புகழ் மண்டபங்கள் எவ்வாறு எழுந்தன, அவற்றில் இடம்பெற்றோர் யார், வெளியே நின்றோர் யார் என்னும் வரலாற்றை அவர்களுக்கு எடுத்துரைப்பதே முறையென்று தோன்றியது. அவ்வரலாற்றையே உங்களுக்கும் சொல்கிறேன்.

புகழ் மண்டபம் என்றவுடன் நினைவுக்கு வருவது அமெரிக்க நாட்டில், நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் உள்ள பேஸ்பால் மண்டபம். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்கருக்குப் பேஸ்பால் அப்படி. பந்தை எறிபவர் ஒருவர், மட்டையால் அடிப்பவர் ஒருவர்; அடித்தவர் நான்கு தளங்களைச் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். 1936-ஆம் ஆண்டில் இம்மண்டபத்துக்கு முதல் தேர்தல் நடந்தது. வாக்களித்தவர்கள் பேஸ்பாலைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதிவந்தவர்கள், 226 பேர். நூற்றுக்கு எழுபத்தைந்து வாக்குப் பெற்றவரே உள்ளே நுழையலாம் என்பது விதி. ஐவர் தேறினர். டை காப் 222 வாக்குகளும், பேப் ரூத்தும் ஹோனஸ் வாக்னரும் தலைக்கு 215 வாக்குகளும், கிறிஸ்டி மாத்யூசன் 205 வாக்குகளும், வால்ட்டர் ஜான்சன் 189 வாக்குகளும் பெற்றனர். பேப் ரூத்தைவிடப் புகழ்வாய்ந்த ஆட்டக்காரர் அந்நாட்டில் இல்லை. அவருக்கும் பதினொருவர் வாக்களிக்கவில்லை. மண்டபக் கட்டடம் 1939-ல் திறக்கப்பட்டது. 1839-ல் அவ்வூரில்தான் இவ்விளையாட்டு பிறந்தது என்னும் கதையே அவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம். அக்கதைக்கு ஆதாரமில்லை என்று பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். ஆதாரத்தை நிறுத்து வாக்களிக்கவேண்டிய ஒரு மண்டபம் ஆதாரமற்ற கதையின்மேல் எழுந்தது விந்தையன்றோ!

அம்மண்டபத்தின் விதிகள் கவனிக்கத்தக்கவை. பத்துப் பருவங்களேனும் ஆடியவராக இருக்கவேண்டும். ஓய்வு பெற்று ஐந்தாண்டுகள் கழியவேண்டும். கண்முன் நின்ற கவர்ச்சி மறைந்த பிறகே தீர்ப்பு நிதானமாகும் என்பது இதன் கருத்து. வாக்களிப்பவரும் பத்தாண்டுகளேனும் எழுத்தாளர் சங்கத்தில் இருந்தவராக வேண்டும். ஒருவர் ஒரு தேர்தலில் பத்துப் பெயர்களுக்குமேல் குறிக்கலாகாது. நூற்றுக்கு ஐந்து வாக்குக்குக் குறைந்தவரின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். திறமையோடு நேர்மையும் நற்பண்பும் கருதப்படவேண்டும் என்றும் விதி கூறுகிறது. இவ்விதியும் அதையொட்டிய தடைகளும் வெறும் அலங்காரமல்ல. மற்றெவரையும்விட அதிகமாக, 4,256 முறை வெற்றியடி அடித்த பீட் ரோஸ் என்பவர், சூதாட்டத்தில் ஈடுபட்டதற்காக 1989-ல் விலக்கப்பட்டார். வாழ்நாள் முழுவதும் மண்டபத்தின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. 2024-ல் அவர் மறைந்தார்; விலக்குப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது 2025-ல்.

இனி, எங்கள் மாடிச் சிறுவர்களின் விளையாட்டுக்கு அண்ணன் முறையாகிய ஒன்றைச் சொல்லவேண்டும். பேஸ்பாலை அறைக்குள் ஆடும் கலையை அமெரிக்கர் நெடுநாளாகவே வளர்த்திருக்கிறார்கள். 1951-ல் ஆப்பா என்னும் அட்டை விளையாட்டு வெளிவந்தது. ஒவ்வோர் உண்மை வீரருக்கும் ஓர் அட்டை உண்டு. இரண்டு பகடைகளை உருட்டினால் விழக்கூடிய வகைகள் 36. அவற்றுள் எத்தனை வகைக்கு நல்ல அடி, எத்தனை வகைக்கு ஆட்டமிழப்பு என்பதை அவ்வீரரின் உண்மையான கணக்கைக் கொண்டே அட்டையில் அமைத்திருப்பார்கள். 1961-ல் ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக் என்னும் மற்றொன்று வந்தது. இதில் மூன்று பகடைகள். முதற்பகடையில் ஒன்று முதல் மூன்று வரை விழுந்தால் அடிப்பவரின் அட்டையைப் பார்க்கவேண்டும்; நான்கு முதல் ஆறு வரை என்றால் எறிபவரின் அட்டையைப் பார்க்கவேண்டும். ஆக, வெற்றியில் இருவர் திறமைக்கும் சமபங்கு. 1981-ல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் தேர்ந்த நட்சத்திர ஆட்டம் குறித்த நாளில் நடைபெறாதபோது, கிளீவ்லண்ட் நகரத்து மைதானத்திலேயே இப்பகடைகளை உருட்டி அதை ஆடிப் பார்த்தார்கள். இன்று கணிப்பொறியே பகடையாகிவிட்டது. 1999-ல் தொடங்கிய அவுட் ஆஃப் தி பார்க் என்னும் கணிப்பொறி விளையாட்டில் நூறு பருவங்களைக்கூட ஓட்டிப் பார்க்கலாம். பிறவாத வீரர்கள் ஆடி, மூப்படைந்து, ஓய்வு பெறுகிறார்கள். அவர்களுக்கும் புகழ் மண்டபமும் தேர்தலும் உண்டு.

கற்பனை வீரர்மேல் மனிதன் எத்துணைப் பற்று வைக்கக்கூடும் என்பதற்கு ராபர்ட் கூவர் 1968-ல் எழுதிய புதினம் சான்று. அதில் வரும் கணக்கர் ஒருவர் இரவெல்லாம் தனியே பகடை உருட்டித் தமக்கென்று ஒரு பேஸ்பால் உலகத்தை நடத்துகிறார். ஒருநாள் பகடை விழுந்தபடி அவருடைய இளம் வீரன் ஒருவன் இறந்துபோகிறான். அட்டையில் மட்டுமே வாழ்ந்தவனுக்காக அவர் நிலைகுலைகிறார். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் எங்கள் மாடிக்கு வந்து, மயிலாப்பூர் ஏடு தொலைந்த செய்தி வந்த அன்று சிறுவர்களின் முகங்களைப் பார்த்திருக்கவேண்டும்.

கற்பனைப் போட்டியில் மண்டபத்துக்கு ஆள் தேர்வது எளிது என்று நினைக்கலாம். அங்கே நிகழ்வதெல்லாம் எழுதப்படுகிறது. எழுதப்படாதது நிகழவே இல்லை. ஆனால் அங்கும் ஒரு பொறி உண்டு. புத்தகம் திறக்கும் கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து இலக்கங்களுள் ஒன்று ஆட்டமிழப்பு. ஆகவே ஒருவன் ஆட்டமிழக்குமுன் சராசரியாக நான்கு முறை ஓட்டம் எடுப்பான். ஒவ்வொரு முறையும் கிடைப்பது சராசரியாக மூன்றேகால் ஓட்டம். பெருக்கினால் 13. முதல் ஆட்டக்காரனுக்கும் 13. கடைசி ஆட்டக்காரனுக்கும் அதே 13. புத்தகத்துக்கு ஆள் தெரியாது. எனினும் பன்னிரண்டு இன்னிங்ஸ் முடிவில் பார்த்தால், நாற்பத்துநால்வருள் இரண்டு மூன்று பேரின் சராசரி 20-ஐத் தாண்டியிருக்கும். அது திறமையன்று, தற்செயலே. நூறு இன்னிங்ஸ் ஆடவிட்டால் அவர்களும் 13-க்கு அருகில் இறங்கிவிடுவார்கள். கூப்பர்ஸ்டவுன் மண்டபத்தார் பத்துப் பருவங்கள் கேட்பதன் நுட்பம் இங்கே விளங்கும். சிறிது காலத்துக் கணக்கு அதிர்ஷ்டத்தைக் காட்டும். நெடுங்காலத்துக் கணக்கே ஆளைக் காட்டும். எங்கள் சிறுவர்களும் மூன்றாம் கோடையிலேயே இதை உணர்ந்து, புத்தகத்தை விட்டுப் பகடைக்கு மாறி, வீரனுக்கு வீரன் வேறுபட்ட அட்டை எழுதிக்கொண்டார்கள்.

காகித உலகத்தை இவ்வளவில் நிறுத்தி, மண்ணில் ஆடிய இருவரைப் பார்ப்போம். இருவரும் இக்கொல்கத்தாவோடு தொடர்புடையவர்கள்.

முதல்வர் எம். ஜே. கோபாலன். சென்னையில் வேகப்பந்து வீசிப் பெயர் பெற்றவர். 1934 ஜனவரியில், அந்நாளைய கல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில் முதன்முதலாக டெஸ்ட் ஆட்டம் நடந்தது. இங்கிலாந்து அணிக்கு ஜார்டீன் தலைவர். நம் அணிக்கு சி. கே. நாயுடு. அவ்வாட்டத்தில் கோபாலன் இடம்பெற்றார். அவருடைய டெஸ்ட் வாழ்க்கை அத்துடன் தொடங்கி அத்துடன் முடிந்தது. ஏட்டைப் புரட்டினால் அவர் பெயருக்கு எதிரே காண்பது ஓர் ஆட்டம், 18 ஓட்டங்கள், ஒரு விக்கெட். இந்த எண்களைக் கொண்டு ஓர் அட்டை எழுதிப் பகடை உருட்டினால், எந்தச் சிறுவனும் அவரைத் தன் அணியில் சேர்க்கமாட்டான்.

ஏடு சொல்லாதது என்ன? அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், சென்னைச் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்த ஆட்டத்தோடு ரஞ்சிக் கோப்பைப் போட்டி பிறந்தது. அதன் முதற்பந்தை வீசிய கை கோபாலனுடையது. அவர் கிரிக்கெட்டில் மட்டுமல்லாமல் ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1935-ல் தியான் சந்தின் தலைமையில் நியூஸிலாந்து சென்ற அணியில் இருந்தவர். 1936-ல் அவர்முன் இரண்டு வழிகள் திறந்தன. ஒன்று ஹாக்கி வீரராக பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் செல்லும் வழி. மற்றொன்று கிரிக்கெட் வீரராக இங்கிலாந்து செல்லும் வழி. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். பெர்லின் சென்ற ஹாக்கி அணி தங்கப் பதக்கத்தோடு திரும்பியது. இங்கிலாந்து சென்ற கோபாலனுக்கோ அங்கு ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் இடம் கிடைக்கவில்லை. ஒரு கிளையைப் பற்றினார், கை வெறுமையாயிற்று. ஆனால் உடன் ஆடியவர்கள் அவரை மறக்கவில்லை. 1952–53 பருவம் முதல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே ஆடப்பெற்ற ஆண்டுப் போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயரிட்டார்கள். 18 ஓட்டமும் ஒரு விக்கெட்டும் உடைய மனிதரின் பெயரால் கடல் கடந்து ஒரு போட்டி நடந்தது என்றால், அவரைக் கண்டவர்கள் ஏட்டைவிட அதிகம் கண்டிருந்தார்கள் என்பதுதானே பொருள்?

அந்த முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே ஏ. ஜி. ராம்சிங் என்பவர் சென்னைக்காக 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட் வீழ்த்தினார். ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. அவருக்கு டெஸ்ட் வாய்ப்பு ஒருபோதும் வரவில்லை. அவர் மைந்தர் இருவர், கிருபால் சிங்கும் மில்கா சிங்கும், இந்தியாவுக்கு ஆடினார்கள். டெஸ்ட் ஏட்டில் தந்தையின் பெயரைத் தேடினால் கிடைக்காது.

இரண்டாமவர் பீட்டர் தங்கராஜ், கால்பந்தாட்டத்தில் கோல் காத்தவர். ஹைதராபாத்தில் பிறந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் என்னும் படைப்பிரிவில் சேர்ந்து ஆடியவர். பின்னர் கொல்கத்தாவுக்கு வந்தார். இந்நகரில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் மூன்று கழகங்களும் மூன்று குலங்கள் போன்றவை. ஒன்றின் அன்பர் மற்றொன்றைப் புகழமாட்டார். அம்மூன்றுக்கும் ஆடிய பெருமை தங்கராஜுக்கு உண்டு. 1956-ல் மெல்போர்னிலும் 1960-ல் ரோமாபுரியிலும் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற அணிகளிலும், 1962-ல் ஜகார்த்தாவில் ஆசியப் பந்தயத்தில் தங்கம் வென்ற அணியிலும் இடம்பெற்றார். 1967-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

அவருடைய கணக்கு யாது? கோல் அடித்தவருக்குக் கணக்கு உண்டு. ரோமாபுரியில் பெரு நாட்டுக்கு எதிராக நம் தஞ்சைத் தமிழர் சைமன் சுந்தரராஜ் அடித்த கோல் ஏட்டில் இருக்கிறது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் என்று இன்றும் அதை எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் விழாமற் போன கோலுக்கு அந்நாளில் ஏடு எது? பாய்ந்து விரல்நுனியால் தட்டிய பந்தை எவரும் எழுதிவைக்கவில்லை. மாலைப் பொழுதில் மைதானத்தில் நின்று பார்த்த ஆயிரக்கணக்கானோர் அதை நெஞ்சில் எழுதிக்கொண்டு டிராம் ஏறி வீடு சென்றார்கள். அவர்களும் ஒருவர்பின் ஒருவராக மறைந்துவருகிறார்கள். கோல் காத்தவனின் புகழ் சாட்சிகளின் ஆயுள் உள்ளவரைதான். யாரேனும் கேட்டு எழுதிக்கொண்டாலன்றி.

கணக்கே இல்லாமல் நிலைபெற்ற புகழுக்கும் இந்நகரமே உதாரணம். 1911 ஜூலை 29-ல் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்ஷயர் படையின் அணியை 2–1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. பதினொருவருள் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். அப்பதினொருவரை அமர ஏகாதசர் என்று வங்காளிகள் போற்றுகிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் வாழ்நாளில் எத்தனை ஆட்டம் ஆடினர், எத்தனை கோல் அடித்தனர் என்று எவரும் கேட்பதில்லை. வாக்குச்சீட்டு இல்லாமலே மக்கள் தேர்ந்த மண்டபம் அது. 2001 முதல் அதே ஜூலை 29-ல் அக்கழகத்தார் மோகன் பகான் ரத்தினம் என்னும் விருதை வழங்கிவருகிறார்கள். முதல் விருது சைலேன் மன்னாவுக்குக் கிடைத்தது.

எனவே கணக்கை எறிந்துவிட்டு நினைவை மட்டும் நம்பலாமா? அதுவும் தவறு. நினைவுக்குத் தன்குலம் பிறகுலம் என்னும் பேதம் உண்டு. அது தனக்கு வேண்டியவரைப் பெருக்கும், அயலாரைச் சுருக்கும். இதற்கும் அமெரிக்க மண்டபமே பாடம். அந்நாட்டில் கறுப்பின வீரர்களை 1947 வரை பெருங்குழாங்களில் ஆடவிடவில்லை. அவர்கள் தமக்கென்று தனிக் குழாங்கள் அமைத்துக்கொண்டார்கள். அங்கே ஆடிய ஜாஷ் கிப்சன் அடித்த அடிகளைப் பற்றிக் கதைகள் ஏராளம். முறையான ஏடுகளோ குறைவு. 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்துக் களமிறங்கினார். அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜனவரியில், தம் முப்பத்தைந்தாம் வயதில் கிப்சன் மறைந்தார். கதவு திறக்குமுன் காத்திருந்தவர் போய்விட்டார்.

1966-ல் டெட் வில்லியம்ஸ் என்னும் வெள்ளை வீரர் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். தமக்குச் சிறப்புச் செய்த அம்மேடையிலேயே, வாய்ப்பு மறுக்கப்பட்டதால் வெளியே நிற்கும் சாட்சல் பேஜும் கிப்சனும் ஒருநாள் இங்கு இடம்பெறவேண்டும் என்று அவர் பேசினார். 1971-ல் பேஜும் 1972-ல் கிப்சனும் சேர்க்கப்பட்டார்கள். 2006-ல் ஒரு தனிக்குழு ஆராய்ந்து மேலும் பதினேழு பேரைச் சேர்த்தது. அவர்களுள் எஃபா மான்லி என்னும் அம்மையார் அம்மண்டபத்தில் இடம்பெற்ற முதற்பெண்மணி. இதற்கெல்லாம் பின்னால் ஓசையற்ற ஓர் உழைப்பு இருந்தது. கறுப்பின மக்கள் நடத்திய பழைய பத்திரிகைகளைப் புரட்டி, ஒவ்வோர் ஆட்டத்தின் கட்டமிட்ட கணக்கையும் ஆராய்ச்சியாளர்கள் பொறுக்கிச் சேர்த்தார்கள். நான் முன்னே சொன்ன பகடை விளையாட்டுக்காரர்களும் இவ்வுழைப்பைப் பயன்கொண்டார்கள். 2009-ல் ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக் அக்குழாங்களின் வீரர் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு அட்டைகள் வெளியிட்டது. களத்தில் எதிரெதிர் நிற்க அனுமதிக்கப்படாதவர்கள் மேசைமேல் நின்றார்கள். 2020-ல் அக்குழாங்களும் பெருங்குழாங்களே என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. 2024 மே மாதத்தில் அவற்றின் கணக்கு பொதுக்கணக்கோடு சேர்க்கப்பட்டபோது, வாழ்நாள் அடிச் சராசரியில் .372 பெற்ற ஜாஷ் கிப்சன் முதலிடம் அடைந்தார். 1936-ல் முதலில் தேர்வான டை காப்பின் .367 இரண்டாம் இடத்துக்குச் சென்றது. இறந்து 77 ஆண்டுகளுக்குப் பின் ஏடு தன் பிழையைத் திருத்திக்கொண்டது. நினைவு வழக்குத் தொடுத்தது, கணக்கு தீர்ப்பளித்தது. நினைவு மட்டும் இருந்திருந்தால் கிப்சன் கதையாகவே நின்றிருப்பார். கணக்கு மட்டும் இருந்திருந்தால் அவரைத் தேடவே எவருக்கும் தோன்றியிராது.

இவ்வளவையும் சிறுவர்களிடம் பல மாலைகளில் சொன்னேன். சொல்லிவிட்டு, மண்டபத்துக்கு ஆள் தேரும்போது கேட்கவேண்டிய கேள்விகளாக நான்கை எழுதிக்கொடுத்தேன். போதிய காலம் ஆடினானா? அக்காலத்தில் தன்னோடு ஆடியவர்களுள் எந்த இடத்தில் நின்றான்? அவனை எதிர்த்து ஆடியவர்கள் அவனைப்பற்றி என்ன சொல்கிறார்கள்? ஏட்டில் இல்லையென்றால், ஏன் இல்லை? இவற்றுள் நான்காவது கேள்வியைத்தான் உலகம் பெரும்பாலும் கேட்க மறந்துவிடுகிறது. ஆடாததால் ஏட்டில் இல்லாதவன் வேறு. ஆடியும் எழுதப்படாதவன் வேறு.

அவர்கள் அன்றிரவே நாகபுரிக்குத் தொலைபேசியில் பேசினார்கள். மூத்த பையன் தனக்கு நினைவிருந்ததைச் சொன்னான். அது போதாதென்று, மற்ற மூன்று அணிகளின் ஏடுகளையும் புரட்டினார்கள். மயிலாப்பூரை எதிர்த்து ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவும் அந்த ஏடுகளில் இருந்தது. எதிரணியார் தங்கள் தோல்வியை ஒழுங்காக எழுதிவைத்திருந்தார்கள். மயிலாப்பூரின் மொத்த ஓட்டங்கள் கிடைத்தன. சில இடங்களில் மூன்றாம் ஆட்டக்காரனின் பெயரும் ஓட்டமும்கூடக் குறிக்கப்பட்டிருந்தன. முழுமையில்லை, ஆனால் இவன் ஆடினான், பலமுறை வென்றான் என்பதற்கு எதிரிகளின் கையெழுத்தே சாட்சியாயிற்று. அவனுக்கு எதிராக முதலில் பேசிய டாலிகஞ்ச் அணிச் சிறுவனே தன் ஏட்டிலிருந்து எட்டு ஆட்டங்களைக் கண்டெடுத்துக் கொடுத்தான் என்பதைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. சுவரில் இன்று ஒன்பது அட்டைகள் இருக்கின்றன. எட்டில் ஓட்டங்களும் சராசரியும் எழுதியிருக்கின்றன. ஒன்பதாவதில் பெயரும், கிடைத்த ஆட்டங்களின் கணக்கும், கீழே ‘மீதிக் கணக்கு மாற்றலில் தொலைந்தது’ என்ற ஒரு வரியும் இருக்கின்றன.

அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் நம்மவர் நினைவுதான் எனக்கு வருகிறது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். வந்த இடத்தில் நம் முன்னோர் பள்ளி வைத்தார்கள், சங்கம் கண்டார்கள், கோயில் எழுப்பினார்கள், அலுவலகங்களில் ஓயாது உழைத்தார்கள், மைதானங்களில் ஆடினார்கள். சொந்த ஊர் ஏட்டில் அவர்கள் பெயர் இல்லை, வெளியே போய்விட்டதால். வந்த ஊர் ஏட்டிலும் பல வேளை இல்லை, வெளியிலிருந்து வந்ததால். மாற்றலில் தொலைந்த கணக்கு நம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு.

ஆகவே, லேக் கார்டன்ஸில் இருந்தாலும், மாதுங்காவில் இருந்தாலும், கரோல் பாக்கில் இருந்தாலும், இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் சற்று அமருங்கள். ஈடன் தோட்டத்தில் யாரைப் பார்த்தார், மைதானத்தில் எந்தக் கோல் தடுக்கப்பட்டதைக் கண்டார், தம் சங்கத்தைத் தொடங்கியவர் யார் என்று கேளுங்கள். கேட்டதை ஆண்டு குறித்து எழுதுங்கள். அயலாரின் ஏட்டோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். எங்கள் மாடிச் சிறுவர்கள் அடுத்த கோடைக்கு ஒரு புதிய விதி செய்திருக்கிறார்கள். ஒவ்வோர் அணியின் கணக்கும் இனி இரண்டு ஏடுகளில் எழுதப்படும். ஒன்று தம்மிடம், மற்றொன்று எதிரணியிடம்.